டென்மார்க்குக்கு வைத்த மொய்

உலகத்தில் உள்ள அத்தனை நாடுகளைப் பற்றியும் கவலைப்பட்ட மனிதர் என்று நான் அறிந்தவரை ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் தினமும் புதுச்சத்திரத்திலிருந்து பஸ் பிடித்துச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வேலைக்கு வந்தார். ஈரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் பர்மாவில் மழை பிந்தினால் அவருக்குச் சோறு இறங்காது. சுவிட்சர்லாந்தில் பனி கொட்டுகிறது என்று பேப்பரில் படித்தால், சித்திரை வெயிலில் உட்கார்ந்துகொண்டு தோளைக் குறுக்கிக்கொள்வார். எங்கள் வங்கியில் எல்லோரும் அவரை டென்மார்க் சார் என்று கூப்பிட்டோம். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் அந்த வங்கியில் டைப்பிஸ்ட். அறுபதுகளின் தொடக்கம். கீழே மிளகாய் மண்டி, மேலே வங்கி. கட்டடம் கட்டியவனுக்கு எங்கள்மேல் என்ன பகையோ தெரியவில்லை. கீழே ஒரு மூட்டையைப் பிரித்தால் மேலே எல்லோருக்கும் தும்மல் பிடுங்கும். கிளார்க்குகள் தும்மினால் யாரும் கண்டுகொள்வதில்லை. மானேஜர் தும்மினால் மட்டும் மரியாதைக்கு எழுந்து நிற்போம்.

மாடிப்படி முடிகிற இடத்தில் ‘வெளிநாட்டுப் பிரிவு’ என்று ஒரு பலகை தொங்கியது. பிரிவு என்றவுடன் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பலகையைவிடக் கொஞ்சம் பெரிய மேசை, மேசையைவிடக் கொஞ்சம் சிறிய மனிதர், அவ்வளவுதான் பிரிவு. சேலம் வியாபாரிகள் யாராவது வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கினால் அதற்குப் பணம் அனுப்புவது அந்த மேசையின் வேலை.

அந்த வேலையை அவர் மற்றவர்களைப் போலச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. பணம் போகிற ஊரைப் பற்றி விசாரிக்காமல் பணம் அனுப்ப மாட்டார். துணிக்குச் சாயம் வரவழைக்கும் வியாபாரி ஒருவர் சுவிட்சர்லாந்துக்குப் பணம் கட்ட வந்தார். நம்மவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

“ஏனுங்க, அந்த ஊர்ல ஆடு மாடெல்லாம் உண்டுங்களா?”

“எனக்கென்னங்க தெரியும்? சாயம் நல்லா இருக்குது, வாங்கறேன்.”

“அப்படிச் சொன்னா எப்படிங்க? முன்னப் பின்னத் தெரியாத ஊட்டுக்குப் பொண்ணக் குடுப்பீங்களா? பணமும் அப்படித்தானுங்க. போற எடம் எப்படின்னு நாலு பேரை விசாரிச்சுட்டுத்தான் அனுப்போணும்.”

சாயக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கம்பெனிக்கு எழுதினார். ‘எங்கள் வங்கியார் உங்கள் ஊர் ஆடுமாடுகளைப் பற்றி அறிய விரும்புகிறார்கள்’ என்று ஒரு சாயக் கம்பெனிக்குக் கடிதம் போனது உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கம்பெனிக்காரனும் நல்லவன். பெரிய பசுமாட்டுப் படம் போட்ட காலண்டர் ஒன்றை அனுப்பிவைத்தான். நம்மவர் அந்த மாட்டின் மடியை வெகுநேரம் பார்த்தார். “இத்தனை பால் கறக்கற ஊர்ல பணத்துக்கு ஒரு கொறையும் வராதுங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இங்கிலாந்துப் பவுனையும் அமெரிக்க டாலரையும் அவர் மனிதனாகவே மதிக்கவில்லை. “அதெல்லாம் பஸ் ஸ்டாண்டாட்டங்க. எல்லாரும் வாராங்க, போறாங்க. அதுல விசாரிக்க என்ன இருக்குது?” என்பார். யாருக்கும் தெரியாத காசு, யாரும் கேட்காத காசு, மெட்ராஸ் ஹெட் ஆபீசே விலை தெரியாமல் முழிக்கிற காசு என்றால்தான் அவருக்கு முகம் மலரும். அப்படி ஒன்று வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் மல்லசமுத்திரத்துக்காரர். சேகோ பேக்டரி வைத்திருந்தார். சேகோக்காரர் என்றே சொல்கிறேன். குச்சிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் தெளியவைத்து, அடியில் தங்கும் மாவில்தான் ஜவ்வரிசி செய்வார்கள். தொட்டியில் தெளிகிறவரை காத்திருந்தால் பால் புளிக்கும், மாவு மங்கும், விலை விழும். டென்மார்க்கில் ஒரு சின்னப் பட்டறையில் பாலைச் சுழற்றி மாவை உடனே பிரித்துவிடும் மெஷின் செய்கிறார்கள் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். மனிதர் தோட்டத்தை அடமானம் வைத்தார். டில்லிக்கும் மெட்ராஸுக்கும் அலைந்து இறக்குமதி லைசென்ஸ் வாங்கினார். சுற்று வட்டாரத்துக் குடியானவர்களிடம், “இந்த வருசம் கெழங்கு அத்தனையும் நானே எடுத்துக்கறேன், வேற எடத்துல பேசாதீங்க” என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

பட்டறைக்காரன் கடிதம் கறாராக இருந்தது. பணம் கைக்கு வந்தால்தான் மெஷினைக் கப்பலில் ஏற்றுவான். அதுவும் அவன் ஊர்க் காசான குரோனரில்தான் வரவேண்டும். இந்தக் கப்பலை விட்டால் அடுத்த கப்பல் மாசி கழிந்துதான். தை பிறந்ததும் இங்கே கிழங்கு பிடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். பிடுங்கிய கிழங்கை வைத்துக்கொண்டு மாசிவரை உட்கார்ந்திருக்க முடியாது, அழுகிவிடும்.

மானேஜர் மதுரைப் பக்கத்துக்காரர். படபடவென்று பேசுவார்.

“குரோனரா? பவுன்ல வாங்கிக்கிட்டா அவனுக்கு என்னய்யா குடி முழுகிப்போகுது? நம்ம விலைப் பட்டியல்லயே அப்படி ஒண்ணு கிடையாதே!”

வெளிநாட்டுப் பிரிவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பையன் பரீட்சையில் தேறிய தகப்பன் முகம்! “இருக்குதுங்க சார். நாம மெட்ராஸைக் கேப்போம், மெட்ராஸ் லண்டனைக் கேக்கும். லண்டன்ல பவுனைக் குடுத்துக் குரோனர் வாங்கி கோபன்ஹேகன் பேங்குக்கு அனுப்புவாங்க. ரண்டு மூனு பஸ் மாறிப் போறாப்புலதானுங்க” என்றார். சொல்லும்போதே தானும் அந்தப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது.

பிறகு விசாரிப்பு தொடங்கியது. வாத்தியார், தபால்காரர், கீழே மிளகாய் மண்டிக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. கடைசியில் என் மேசைக்கு வந்தார்.

“அம்மணி, உங்க கோயில்ல ஒரு வெள்ளைக்காரச் சாமியார் இருக்கறாருல்லங்க? டென்மார்க்கு எப்படிப்பட்ட எடம்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.”

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன். அவர் பிரெஞ்சுக்காரர். வீட்டில் ஏதோ கல்யாணப் பேச்சு, ஆலோசனை கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். டென்மார்க் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர்கள் நம் சபை இல்லை, ஆனால் வெண்ணெய் நன்றாக இருக்கும், பெரிய உத்தியோகஸ்தர்கள்கூட சைக்கிளில்தான் வேலைக்குப் போவார்கள் என்றார். திங்கட்கிழமை அப்படியே ஒப்பித்தேன்.

“சைக்கிள்ல போற பெரிய மனுசங்களா? அப்ப ஆடம்பரம் இல்லாத ஊரு. வெண்ணெயும் இருக்குது. வேறென்ன வேணுமுங்க? அனுப்பிரலாம்” என்றார். அவரளவில் சம்பந்தம் முடிவாகிவிட்டது.

பணம் கட்டுகிற நாளில் சேகோக்காரர் வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்தார். மானேஜர் சாப்பிடப் போயிருந்தார். தொகை பன்னிரண்டாயிரம் குரோனர். வெளிநாட்டுக் காசு அனுப்ப மேலிடம் கொடுத்த அனுமதியும் அதற்கு மட்டும்தான். சேகோக்காரர் எண்ணைப் பார்த்தார். தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

“சைபர்ல முடியுதுங்களே.”

“ஆமாங்க, விலை அப்படித்தான் போட்டிருக்கறான்.”

“மொதல் மொதல்ல ஒருத்தன்கிட்ட கைநீட்டிப் பொருள் வாங்கறோம். சைபர்ல முடிச்சா ஒறவும் அத்தோட முடிஞ்சு போவுமுங்க. மெஷினு நாலு காலம் ஓட வேண்டாமுங்களா? மேல ஒன்னு வெச்சு அனுப்புங்க.”

வேறு எந்த வங்கியிலும் இதற்கு ஒரு சிரிப்பும் ஒரு மறுப்பும் கிடைத்திருக்கும். இங்கே எதிரில் உட்கார்ந்திருந்தவர் யார்? கண்ணில் நீர் துளிர்க்காத குறை. “நீங்க சொல்றதுதானுங்க மொறை. எனக்குத் தோணாமப் போச்சே!” என்று பேனாவை எடுத்துவிட்டார். நான் குறுக்கே புகுந்தேன்.

“சார், அனுமதி பன்னிரண்டாயிரத்துக்குத்தானே?”

“அம்மணி, உங்க ஊட்டுக் கல்யாணத்துல நூறு ரூபா மொய் வெப்பாங்களா, நூத்தியொன்னு வெப்பாங்களா?”

“நூத்தியொன்னுதானுங்க சார்.”

“அப்பறம் என்ன? டைப் அடிங்க.”

கோயில் வேறாக இருந்தாலும் மொய் எல்லோருக்கும் ஒன்றுதான்; டைப் அடித்துவிட்டேன். மானேஜர் திரும்பி வந்து கையெழுத்துப் போடும் நேரம் பார்த்துக் கீழே மூட்டை பிரித்தார்கள். தும்மலோடு தும்மலாகக் கையெழுத்து விழுந்தது. மெட்ராஸிலும் யாரும் கவனிக்கவில்லை. குரோனர் என்ற பெயரைக் கண்ட மிரட்சியிலேயே அவர்கள் இருந்திருப்பார்கள். பன்னிரண்டாயிரத்து ஒரு குரோனர் கடல் தாண்டிப் போய்விட்டது.

கோபன்ஹேகன் வங்கிக்காரன் கவனித்துவிட்டான். மெட்ராஸ் வழியாகத் தந்தி வந்தது. பட்டறைக்காரனுக்குச் சேரவேண்டியது பன்னிரண்டாயிரம், வந்திருப்பது ஒன்று அதிகம், அந்த ஒன்று எதற்கு என்று தெரிகிறவரை மொத்தப் பணமும் கோபன்ஹேகனில் தங்களிடமே இருக்கும் என்று தந்தி சொன்னது. அந்த ஒரு குரோனர் நம் காசில் முக்கால் ரூபாய்கூடப் பெறாது. அதை விசாரிக்க அவன் கொடுத்த தந்திக் கட்டணத்தில் எங்கள் ஆபீசுக்கே டிபன் வாங்கியிருக்கலாம்.

மானேஜர் போட்ட சத்தத்தில் கீழே மிளகாய் மண்டியில் தராசு நின்றுவிட்டது.

“மொய்யா? மொய்யா வச்சீங்க? இது பேங்க்காய்யா, கல்யாண மண்டபமா? அனுமதிக்கு மேல அந்நியச் செலாவணி அனுப்பினா என்ன ஆகும் தெரியுமா? ‘தவறுதலாக வந்தது, ஒன்றைத் திருப்பி அனுப்பவும்’னு தந்தி அடி. கஸ்டமரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கு!”

சேகோக்காரர் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வெச்ச மொய்யத் திருப்பிக் கேக்கறதுங்களா? பகையாளி ஊட்லகூட அதைச் செய்ய மாட்டமுங்க.”

“அது மொய் இல்லைங்க! மேலிடத்துக்குத் தெரிஞ்சா உங்க லைசென்சே போயிடும். அடுத்த வாரம் கப்பல்!”

“தெரியுமுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். நல்ல உயரமான மனிதர், உட்கார்ந்ததும் பாதியாகிவிட்டார். “தோட்டம் போனாப் போவுதுங்க, அம்மணி. கெழங்கு எடுத்துக்கறேன்னு ஊருக்கெல்லாம் வாக்குக் குடுத்துட்டனே. நாளைக்கு வண்டி பூட்டிட்டு வந்து நிப்பாங்க. என்ன மூஞ்சியை வெச்சுட்டுப் பதில் சொல்லுவேன்?” என்று என்னிடம் சொன்னார். சொன்னவர், கையெழுத்துப் போட மட்டும் கையை முன்னால் கொண்டுவரவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரமும் வந்தது, பரிதாபமும் வந்தது.

இதற்குள் வெளிநாட்டுப் பிரிவு ஒரு தந்தி தயாரித்துவிட்டது. தமிழர் இல்ல விசேஷங்களில் பணம் வைக்கும் முறை, பூஜ்யத்தில் முடியாதிருக்க வேண்டியதன் காரணம், ஒற்றை ரூபாயின் மங்கலத் தன்மை, முடிவில் கோபன்ஹேகன் வங்கியார் அனைவரின் குடும்ப நலம் பற்றிய விசாரிப்பு. ஆங்கிலத்தில் அத்தனையையும் டைப் அடித்து என் விரல் வீங்கியது. மானேஜர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது தந்தியா, வளைகாப்புப் பத்திரிகையா? இதை அனுப்பினா பேங்கை வித்துத்தான் கட்டணம் கட்டணும்!”

நம்மவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் காலண்டர் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் மாடிப்படியில் சேகோக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க, கல்யாணத்துல மொய் எழுதறதுக்கு ஒரு ஆளு உக்காந்திருப்பாருல்லங்க? எழுதி முடிச்சதும் அவருக்கு என்ன பண்ணுவீங்க?”

“வெத்தலை பாக்கு வெச்சு ஒத்த ரூபா குடுப்பமுங்க.”

“கோபன்ஹேகன்ல நம்ம மொய்ய எழுதற ஆளு அந்தப் பேங்க்காரன்தானுங்க. அவனுக்கு நாம வெத்தலை பாக்கு வெச்சமா?”

சேகோக்காரர் யோசித்தார். “வெக்கலீங்களே” என்றார். அவர் குரலில் ஒரு குற்ற உணர்ச்சிகூட இருந்தது.

“அந்த ஒன்னை அவனே வெச்சுக்கட்டுமுங்க. நாம ஒன்னும் திருப்பி வாங்கலை. குடுத்தது குடுத்ததுதான்.”

“அப்ப மெஷின்காரனுக்குச் சைபர்ல முடியுமேங்க?”

படியின் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்த மானேஜர் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை. நம்மவர் அசரவில்லை.

“உங்க ஊட்டுல இருந்து பொறப்படறப்ப ஒன்னோட சேர்ந்துதானுங்களே பொறப்பட்டுது? பொறப்படறதுதானுங்க கணக்கு. போற வழியில எழுதறவனுக்குக் குடுத்ததை யாராச்சும் மொய்யில கழிப்பாங்களா?”

சேகோக்காரர் மெல்லக் கையை முன்னால் கொண்டுவந்தார். “அப்படீன்னாச் சரிங்க” என்றார். நான் ஓடிப்போய்ப் பேனா கொண்டுவந்தேன்.

தந்தி இரண்டு வரிதான். ‘அதிகப்படி ஒரு குரோனர் உங்கள் கமிஷன். மீதியைப் பட்டறைக்குக் கொடுக்கவும்.’ வங்கிக்காரனுக்கு வங்கிப் பாஷையில் சொன்னால் புரியாமல் போகுமா? மானேஜருக்கும் நிம்மதி. ஆனாலும் அனுமதிக்கு மேல் அனுப்பியது அனுப்பியதுதானே. யாராவது ஒருவர் மெட்ராஸுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

“நானுங்க சார்” என்றார் நம்மவர்.

என்னிடம் வந்து, ‘கஸ்டமர் இதை அறியார், ஒரு குரோனரைச் சேர்த்தது முழுக்க என் செயல்’ என்று தன் பெயரில் டைப் அடிக்கச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

“சார், கேட்டது அவருதானே?”

“அவரு லைசென்ஸ் இருந்தாத்தான் மெஷினு வரும் அம்மணி. எனக்கு என்ன போவுது? இந்த மேசைதானே.”

சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தார். பார்த்த விதத்தில், அது போகப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது எனக்குப் புரிந்தது.

பணம் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. மெஷின் அதே கப்பலில் ஏறியது. மெட்ராஸிலிருந்து உத்தரவும் வந்தது. இனி வெளிநாட்டுப் பணமெல்லாம் கோயம்புத்தூர்க் கிளை வழியாக. நம்மவர் சேமிப்புக் கவுண்டருக்கு. பலகையைக் கழற்றினார்கள். காஷியர் ஒருவர் கிண்டலாக, “என்ன டென்மார்க், சௌக்கியமா?” என்று கேட்டது அன்றைக்குத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. யாராவது ‘டென்மார்க்’ என்று கூப்பிட்டால் அந்த ஊர்க்காரரைப் போலவே திரும்பிப் பார்ப்பார்.

சேமிப்புக் கவுண்டரிலாவது அடங்கினாரா என்றால், அதுதான் இல்லை. எடப்பாடியிலிருந்து வந்த நெசவுக்காரர் ஐந்து ரூபாய் போடுவதற்குள் அவர் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எத்தனை ஆழம், மாடு எத்தனை, மருமகள் எந்த ஊர் என்று அத்தனையும் சொல்லியாக வேண்டும். வரிசை மாடிப்படி இறங்கி மிளகாய் மண்டிக்குள் போகும். மானேஜர் சத்தம் போடுவார். டென்மார்க் சார், “பணம் எந்த ஊட்டுல இருந்து வருதுன்னு தெரிஞ்சுக்க வேண்டாமுங்களா சார்?” என்பார்.

தை பிறந்து மெஷின் ஓடத் தொடங்கிய அன்று சேகோக்காரர் எங்களை மல்லசமுத்திரத்துக்கு அழைத்திருந்தார். மானேஜர், டென்மார்க் சார், நான் மூன்று பேரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். பேக்டரி வாசலில் கிழங்கு வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றன. வண்டிக்காரர்கள் சேகோக்காரரை அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்தபடி அதட்டலை வாங்கிக்கொண்டிருந்தார். உள்ளே மெஷின் ‘உம்’மென்று சுற்றியது. மாவு பளீரென்று வெள்ளையாக வந்தது. மானேஜர் அதைக் கிள்ளிப் பார்த்து, வாயில் போட்டுப் பார்த்து, பெருமையாகத் தலையாட்டினார்.

டென்மார்க் சார் மாவுப் பக்கமே போகவில்லை. மெஷின் அருகில் போய், அதில் பதித்திருந்த தகட்டில் எழுத்து எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தார். அந்த மனிதர் எத்தனையோ நாடுகளுக்குப் பணத்தை வழியனுப்பியிருக்கிறார். அவரைத் தேடி ஒரு நாடு வந்தது அன்றுதான். அதன் சூடேறிய வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, குழந்தையிடம் கேட்பதுபோல் குனிந்து கேட்டார்.

“பயணமெல்லாம் எப்படி இருந்துச்சு சாமி? எங்கூரு வெயிலு ஒத்துக்குதா?”

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அத்தனை வருஷம் அவரைப் பார்த்துச் சிரித்தவள் நான். அன்று சிரிக்க முடியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. அந்த மனிதரை அந்த மேசையிலிருந்து எழுப்பியவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

“என்ன சார் சொல்லுது?” என்று கேட்டேன்.

“ஊரு புடிச்சிருக்குதாம், அம்மணி” என்றார்.

அவர் விசாரித்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் தலையை ஆட்டினேன்.